எலிதான் இருக்கிறது

சென்ற மாதம் எங்கள் விலங்கு நெறிமுறைக் குழுவின் முன் ஒரு மாணவியின் விண்ணப்பம் வந்தது. அட்ரினலின் இதயத்தை விரட்டுவதைத் தடுக்கும் பீட்டா தடுப்பான் வகையைச் சேர்ந்த ஒரு புதிய சேர்மம். இதயத் துடிப்பின் ஒழுங்கு குலைவதை அது தடுக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு 36 எலிகள். துடிப்பைக் குலைக்க ஊவாபெயின் என்ற நஞ்சு. இந்த விலங்கினத்தை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்கும் கட்டத்தில், எளிதில் கிடைக்கும், கையாள வசதி என்று இரண்டே வரி.

"ஏன்மா எலி?" என்று கேட்டேன்.

"எங்கள் காலேஜில் எலிதான் சார் இருக்கிறது."

மற்ற உறுப்பினர்கள் அடுத்த கோப்பை எடுத்துவிட்டார்கள். எனக்கு நகர முடியவில்லை. தொண்ணூறுகளின் பிற்பகுதியில், முதுநிலை மாணவனாக இருந்தபோது, இதே கேள்விக்கு இதே பதிலை நானும் சொன்னேன். சொன்னதோடு நிற்காமல் செய்தும் பார்த்தேன். ஆறு எலிகள் போயின.

அன்று நடந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. யூரித்தேன் ஊசி போட்டு, எலி நன்றாக மயங்கியதும் பாதத்தைக் கிள்ளிப் பார்ப்போம். கால் இழுக்கவில்லை என்றால்தான் கத்தியை எடுக்கலாம். கழுத்தில் சிறு கீறல், கழுத்துச் சிரையில் நூல் பருமனுக்கு ஒரு குழாய், கைகால்களில் ஈசிஜி ஊசிகள். குழாய் வழியாக ஊவாபெயினைச் சொட்டுச் சொட்டாக ஏற்றத் தொடங்கினேன். கினிப்பன்றியில் செய்த ஒரு பழைய ஆய்விலிருந்து அளவை எடுத்திருந்தேன். இருபது நிமிடத்தில் துடிப்பு தடுமாற வேண்டும். தடுமாறவில்லை. அளவை இரட்டித்தேன். எலியின் இதயம் நிமிடத்துக்கு முன்னூற்றைம்பது தடவைக்கு மேல், தையல் இயந்திரம்போல ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. மருந்து கெட்டுவிட்டது என்று நினைத்துப் புதிதாகக் கரைத்தேன். மறுநாளும் அதே கதை. மூன்றாம் நாள் எங்கள் துறையின் மூத்த ஆசிரியர் பின்னால் வந்து நின்று, ஓடிக்கொண்டிருந்த தாளைப் பார்த்தார். "எலியிடம் போய் ஊவாபெயினைப் பற்றிக் கேட்டால் அது என்னப்பா சொல்லும்?" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் அதிகம் வலித்தது.

ஊவாபெயின் கிழக்கு ஆப்பிரிக்க வேட்டைக்காரர்கள் அம்பு நுனியில் தடவிய நஞ்சு. டிஜிட்டலிஸ் என்ற இதய மருந்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் கோயில் நந்தவனங்களில் பூக்கும் மஞ்சள் அரளியில் இருப்பதும் இதன் பங்காளி நஞ்சுதான். அந்த நஞ்சு ஏறி வருபவர்களை யாழ்ப்பாணத்து மருத்துவர்களும் தமிழ்நாட்டு மருத்துவர்களும் எத்தனையோ இரவுகள் கண்விழித்துப் பார்த்திருக்கிறார்கள். இதயச் செல்லின் சுவரில் சோடியத்தை வெளியே தள்ளிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் ஒரு பம்பு இருக்கிறது. ஊவாபெயின் அதில் போய் ஒட்டி அதை நிறுத்திவிடும். உள்ளே சோடியம் தேங்கும், அதன் பின்னால் கால்சியம் நிரம்பும். கால்சியம் நிரம்பி வழியும் செல், தன் முறை வருவதற்கு முன்பே தானாக ஒரு துடிப்பைக் கிளப்பிவிடும். அப்படித்தான் குழப்பம் தொடங்குகிறது.

எலியின் பம்பில் ஊவாபெயின் சரியாக ஒட்டுவதில்லை. அந்தப் புரதத்தில் இரண்டே இரண்டு அமினோ அமிலங்கள் மாறியிருப்பதுதான் காரணம் என்று 1988ல் கண்டுபிடித்தார்கள். அந்த இரண்டு எழுத்துப் பிழையால், நம்மைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு அளவை எலியின் பம்பு தாங்கும். என் ஆறு எலிகளும் ஒழுங்காகத்தான் பதில் சொல்லியிருந்தன. கேட்டவனுக்குத்தான் கேள்வி தெரியவில்லை.

பிறகு கினிப்பன்றிகள் வந்தன. வேறொரு கல்லூரியில் கெஞ்சி வாங்கியவை. விலங்கு இல்லத்தைப் பார்த்துக்கொண்ட அண்ணன் காலையில் வாளியோடு வராந்தாவில் திரும்பும்போதே அத்தனையும் சேர்ந்து விசிலடிக்கும். வாளியில் குதிரைமசாலும் ஊறவைத்த கொண்டைக்கடலையும் இருக்கும். நம்மைப் போலவே கினிப்பன்றிக்கும் வைட்டமின் சி உடம்பில் தானாக ஊறாது. பச்சை இல்லாவிட்டால் நோய் கண்டுவிடும். "ஒருநாள்கூடத் தழை தவறக் கூடாது தம்பி" என்பார் அண்ணன். ஒவ்வொன்றின் எடையையும் சிலேட்டில் எழுதி வைப்பார். சோதனைக்கு எடுத்துப் போகும்போது அவர் கையாலேயே எடுத்துத் தருவார், ஒரு கை மார்புக்கடியில், ஒரு கை பின்கால்களுக்கடியில். அந்தரத்தில் தொங்கவிட்டால் பயந்துவிடும் என்பார். பயந்த விலங்கின் ரத்தத்தில் அட்ரினலின் ஏறியிருக்கும், என் கணக்கே தப்பிவிடும் என்பது எனக்குப் பிற்பாடுதான் உறைத்தது. அவருக்கு அது முதலிலேயே தெரிந்திருந்தது, வேறு காரணத்துக்காக.

கினிப்பன்றியின் இதயம் ஊவாபெயினுக்கு நம்முடையதைப் போலவே இடம் கொடுக்கும். ஈசிஜி தாளில் முதலில் ஒற்றைத் துடிப்பு ஒன்று முந்திக்கொண்டு அகலமாக வரும். பிறகு இரண்டு, மூன்று. பிறகு கீழறை தன்போக்கில் ஓட்டமெடுக்கும். கடைசியில் கோடு புழுவாய் நெளியும், அதன்பின் நேர்க்கோடு. ஒவ்வொரு கட்டத்தையும் எட்ட எத்தனை மைக்ரோகிராம் தேவைப்பட்டது என்று குறித்துக்கொள்ள வேண்டும். ப்ரோப்ரனோலால் என்ற பீட்டா தடுப்பானை முன்கூட்டியே கொடுத்த விலங்குகளில் அந்த அளவு கூடியது. எனக்குத் தலைகால் புரியாத மகிழ்ச்சி. பீட்டா தடுப்பான் வேலை செய்கிறது, ஆய்வேடு முடிந்தது என்று நினைத்தேன்.

இதே முடிவுக்குத்தான் 1963ல் ஆக்ஸ்ஃபோர்டில் வான் வில்லியம்ஸ், செக்கியா என்ற ஆய்வாளர்களும் வந்திருந்தார்கள் என்பது பிறகு படித்தபோது தெரிந்தது. அந்த முடிவு எப்படிப் பிரித்து மேயப்பட்டது என்பதும் தெரிந்தது.

கதை இன்னும் கொஞ்சம் முன்னால் தொடங்குகிறது. அட்ரினலின் உடம்பில் இரண்டு வகை ஏற்பிகள், அதாவது செல்லில் அது வந்து பொருந்தும் இடங்கள், வழியாக வேலை செய்கிறது என்று 1948ல் ரேமண்ட் ஆல்குவிஸ்ட் எழுதினார். ஆல்ஃபா, பீட்டா என்று பெயரும் வைத்தார். அவருடைய கட்டுரையை முதலில் அனுப்பிய இதழ் திருப்பி அனுப்பிவிட்டது, வேறு இதழில்தான் வந்தது. பத்தாண்டுகள் அதை ஏறக்குறைய யாரும் சீண்டவில்லை. ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் பிளாக் அதைக் கையில் எடுத்தார். கிளாஸ்கோவில் கால்நடை மருத்துவப் பள்ளியில் உடலியங்கியல் துறையைக் கட்டியெழுப்பியவர். நெஞ்சுவலிக்காரருக்கு இதயத்துக்குப் போகும் ரத்தத்தைக் கூட்டுவதற்குத்தான் அன்று எல்லோரும் மருந்து தேடினார்கள். பிளாக் எதிர்ப்பக்கமிருந்து யோசித்தார். வரவைக் கூட்ட முடியாவிட்டால் செலவைக் குறைக்கலாமே, அட்ரினலின் இதயத்தை விரட்டுவதைத் தடுத்துவிட்டால் அதற்கு ஆக்சிஜன் தேவையே குறையுமே என்று. 1958ல் ஐசிஐ நிறுவனத்தின் ஆல்டர்லி பார்க் ஆய்வகத்தில் சேர்ந்தார்.

அந்த ஆண்டுதான் அமெரிக்காவில் லில்லி நிறுவனத்தார் டைகுளோரோ ஐசோபிரீனலின் என்ற சேர்மம் பீட்டா ஏற்பிகளை அடைக்கிறது என்று காட்டியிருந்தார்கள். பிளாக்கின் குழு கினிப்பன்றியின் இதயத்தைத் தனியே எடுத்து, குழாயில் கட்டி, ஊட்டக் கரைசல் ஓடவிட்டு அதைச் சோதித்தது. அது இதயத்தை அடைக்கவில்லை, தானே தூண்டிவிட்டது! அதே கினிப்பன்றியின் இதயத்திலிருந்து கீழறைக்குள் காம்புபோல நீண்டிருக்கும் சிறு தசையை மட்டும் எடுத்துச் சோதித்தபோது, அந்தத் தூண்டல் இல்லாமல் வெறும் தடையாக நின்றது. ஒரே விலங்கு, ஒரே மருந்து. சோதனையின் அமைப்பு மாறியதும் பதில் மாறிவிட்டது. இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். பிளாக் அந்த முரண்பாட்டை ஒதுக்கித் தள்ளாமல் அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார். வேதியியலாளர் ஜான் ஸ்டீஃபன்சன் குளோரின் அணுக்களை எடுத்துவிட்டு நாஃப்தலீன் வளையத்தைப் பொருத்தினார். ப்ரோனெத்தலால் பிறந்தது. ஆல்டர்லி பார்க்கின் பெயரால் ஆல்டர்லின் என்று 1963ல் விற்பனைக்கு வந்தது. சுண்டெலிகளில் தைமஸ் சுரப்பியில் புற்று வந்ததால் அதை ஓரங்கட்ட நேர்ந்தது. அதற்கடுத்து வந்ததுதான் ப்ரோப்ரனோலால். ஆல்டர்லினின் எழுத்துகளைக் கலைத்துப் போட்டு இன்டரல் என்று பெயர் வைத்தார்கள். 1988ல் பிளாக்குக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இனி என் ஆய்வேட்டைப் புரட்டிப்போட்ட விஷயம். ப்ரோப்ரனோலால் மாத்திரையில் இருப்பது இரண்டு மூலக்கூறுகளின் கலவை. இடக்கையும் வலக்கையும் போல ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பம். இடக்கை வடிவம்தான் பீட்டா ஏற்பியில் பொருந்தும். வலக்கை வடிவத்துக்கு அந்தத் திறன் நூறில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் பல் டாக்டர் போடும் மரப்பு ஊசியைப் போலச் செல்சுவரை மந்தமாக்கும் குணம் இரண்டுக்கும் சமமாக உண்டு. 1968ல் பாரெட்டும் கல்லமும் இந்த இரண்டையும் தனித்தனியே எடுத்து விலங்குகளில் சோதித்தார்கள். ஊவாபெயினால் குலைந்த துடிப்பை இரண்டு வடிவங்களுமே சரிசெய்தன. அட்ரினலினால் குலைந்த துடிப்பை இடக்கை வடிவம் மட்டுமே, அதுவும் சிறிய அளவிலேயே, தடுத்தது. மிச்சிகனில் லுக்கேசியின் குழுவும் முந்தைய மருந்தான ப்ரோனெத்தலாலின் வலக்கை வடிவம் டிஜிட்டலிஸ் குழப்பத்தை அடக்குவதை அதற்கு முன்பே காட்டியிருந்தது.

அப்படியென்றால் என் கினிப்பன்றிகளைக் காத்தது பீட்டா தடையே இல்லை. நான் கொடுத்த பெரிய அளவில் அந்த மருந்தின் மரப்புக் குணம்தான் பெரும்பங்கு வேலை செய்திருக்கிறது. மனிதர் விழுங்கும் மாத்திரையால் ரத்தத்தில் சேரும் அளவுக்கு அந்தக் குணம் தலைகாட்டவே காட்டாது. அதோடு, டிஜிட்டலிஸ் வகை நஞ்சு ஏறிய மனிதருக்கு மேலறையிலிருந்து கீழறைக்குப் போகும் மின்பாதையே அடைபடும். அந்த நிலையில் பீட்டா தடுப்பான் பாதையை மேலும் அடைக்கும், ஆபத்து. என் சோதனை சரியான எண்களைத் தந்தது. அந்த எண்கள் யாருக்கும் உதவாதவை.

அட்ரினலின் வழியாகத் துடிப்பைக் குலைக்கும் சோதனைக்கு ஒரு பழைய வேர் உண்டு. குளோரோஃபார்ம் கொடுத்து அறுவை செய்த காலத்தில், சில நோயாளிகள் மயக்கம் தொடங்கும்போதே சட்டென்று இறந்துவிடுவார்கள். மருந்து அதிகமாகிவிட்டது என்றே எல்லோரும் நினைத்தார்கள். லண்டனில் குட்மன் லெவி என்பவர் 1911 வாக்கில் பூனைகளில் இதை ஆராய்ந்து வேறொன்றைக் கண்டார். ஆழ்ந்து மயங்கிய பூனை தப்பித்தது. லேசாக மயங்கியிருந்த பூனைக்கு அட்ரினலின் ஏறினால் கீழறை நடுக்கம் கண்டு இறந்தது. அரைமயக்கத்தில் பயந்துபோன நோயாளியின் சொந்த அட்ரினலினே அவரைக் கொன்றிருக்கிறது. பின்னாளில் குளோரோஃபார்முக்குப் பதில் ஹாலோத்தேனை வைத்து இதே சோதனையை நடத்தினார்கள். பீட்டா தடுப்பான் என்ன செய்கிறது என்று கேட்க உகந்த சோதனைகளில் இது ஒன்று. எங்கள் வட்டாரத்துக் கல்லூரிகளில் இதைவிட வச்சநாபிச் செடியின் நஞ்சான அகோனிட்டினையோ கால்சியம் குளோரைடையோ எலிக்கு ஏற்றுவதுதான் அதிகம், மலிவு என்பதால். அகோனிட்டின் சோடியம் வாசல்களைத் திறந்தே வைத்துவிடும். அதை அடக்கும் மருந்தைப் பீட்டா தடுப்பான் என்று சொல்ல முகாந்திரமே இல்லை. ஆனாலும் சொல்கிறார்கள்.

நாய்களில் செய்த சோதனைகளையும் சொல்ல வேண்டும். எழுதக் கை தயங்குகிறது, ஆனால் மறைத்தால் அவற்றுக்குச் செய்யும் துரோகம். 1950ல் ஹாரிஸ் என்பவர் நாயின் இதயத் தமனியை இரண்டு கட்டமாகக் கட்டினார். முதலில் பாதி, அரை மணி நேரம் கழித்து முழுதும். மறுநாள் கீழறையிலிருந்து முந்துதுடிப்புகள் மழையாகக் கொட்டும். பல ஆண்டுகள் மருந்துகளைத் தரம்பிரிக்க இதையே பயன்படுத்தினார்கள். செல்சுவரை மரக்கவைக்கும் மருந்துகள் இதில் பளிச்சென்று தெரியும். பீட்டா தடுப்பான்கள் அங்கே பெரிதாக எதுவும் செய்வதில்லை. இதை மட்டும் பார்த்தவர்கள் பீட்டா தடுப்பான் சோப்ளாங்கி மருந்து என்றே முடிவு கட்டியிருப்பார்கள்.

எழுபதுகளின் இறுதியில் பீட்டர் ஷ்வார்ட்ஸ், ஸ்டோன், பின்னர் பில்மன் ஆகியோர் கேள்வியையே மாற்றினார்கள். மனிதர் எப்படித் திடீரென்று சாகிறார்? முன்பே ஒரு மாரடைப்பு வந்து ஆறிய இதயம். மாடிப்படி ஏறுகிறார், அல்லது பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறார். அந்த நேரத்தில் இன்னொரு தமனியில் ரத்தம் தடைபடுகிறது. இதை அப்படியே நாயில் அமைத்தார்கள். பழைய மாரடைப்பு ஆறி ஒரு மாதமான நாய், மயக்கம் இல்லாமல், ஓடுபட்டையில் ஓடும். ஓட்டத்தின் கடைசி நிமிடத்தில், முன்பே பொருத்தியிருந்த சிறு பட்டையை ஊதி இன்னொரு தமனியை இரண்டு நிமிடம் அடைப்பார்கள். சில நாய்களுக்கு ஒன்றும் ஆகாது. சிலவற்றுக்குக் கீழறை நடுக்கம் கண்டு விழும், உடனே மின்னதிர்ச்சி கொடுத்து மீட்பார்கள். அப்படி விழும் என்று தெரிந்த நாய்களில் பெரும்பாலானவற்றைப் பீட்டா தடுப்பான் காத்தது. முந்தைய சோதனையில் உதவாக்கரையாகத் தெரிந்த மருந்துதான்.

மனிதரில் எது மெய்யானது என்பதும் தெரிந்துவிட்டது. 1982ல் வெளியான அமெரிக்க ஆய்வில் மாரடைப்பிலிருந்து பிழைத்த 3,837 பேர். போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் 9.8 சதவீதம் பேர் இறந்தார்கள், ப்ரோப்ரனோலால் சாப்பிட்டவர்களில் 7.2 சதவீதம். பலன் தெளிவாகிவிட்டதால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்தினார்கள். அடுத்து, முந்துதுடிப்பை மிக அழகாக அடக்கும் என்கெய்னைடு, ஃப்ளெக்கெய்னைடு மருந்துகளின் முறை வந்தது. அவற்றால் முந்துதுடிப்பு அடங்கிய நோயாளிகளை மட்டுமே சேர்த்து நடத்திய ஆய்வின் முடிவு 1991ல் முழுமையாக வெளிவந்தது. மருந்து சாப்பிட்ட 755 பேரில் 63 பேர் இறந்திருந்தார்கள், சாப்பிடாத 743 பேரில் 26 பேர். ஈசிஜி தாள் சுத்தமாக இருந்தது, ஆள் போய்விட்டார். ஐந்து ஆண்டுகள் கழித்து சோட்டலால் என்ற இன்னொரு பீட்டா தடுப்பானிலும் இதே பாடம். பீட்டா தடை இல்லாத அதன் வலக்கை வடிவத்தை மட்டும் பிரித்துக் கொடுத்துப் பார்த்தார்கள். இறப்பு கூடியது.

இதனால் ஃப்ளெக்கெய்னைடு கொடிய மருந்து என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பயந்தாலோ ஓடினாலோ துடிப்பு குலைந்து மயங்கி விழும் ஒரு பரம்பரை நோய் குழந்தைகளுக்கு உண்டு. செல்லுக்குள் கால்சியம் கசிவதால் வருவது. அதே கசிவு உள்ள சுண்டெலிகளை உருவாக்கிச் சோதித்தபோது ஃப்ளெக்கெய்னைடு அந்தக் குழப்பத்தைத் தடுத்தது. 2009ல் அதை வெளியிட்டார்கள். பீட்டா தடுப்பான் மட்டும் போதாத குழந்தைகளுக்கு இன்று அதையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். மாரடைப்பு வந்த இதயத்தில் உயிரைப் பறித்த மருந்து இன்னொரு வகை இதயத்தில் உயிர் காக்கிறது. துடிப்புக் கோளாறு என்று நாம் ஒரே பெயரில் அழைப்பது ஒரே நோய் இல்லை. அதை எப்படி உண்டாக்கினோம் என்பதைச் சொல்லாமல், மருந்து அதைத் தடுத்தது என்று எழுதும் வரிக்கு அர்த்தமே கிடையாது.

என் அம்மா தினமும் காலையில் மெட்டோபிரோலால் என்ற பீட்டா தடுப்பான் சாப்பிடுகிறார். நான்கு ஆண்டுகளுக்கு முன் மாரடைப்பு வந்தது. மாத்திரையைப் போட்டுக்கொண்டு மணிக்கட்டை என்னிடம் நீட்டுவார். எண்ணிச் சொல்ல வேண்டும். அறுபத்திரண்டு, அறுபத்து நான்கு. "இது யாருடா கண்டுபிடித்த மருந்து?" என்று ஒருநாள் கேட்டார். பிளாக்கைப் பற்றிச் சொன்னேன். கினிப்பன்றிகளையும் ஓடிய நாய்களையும் பற்றிச் சொன்னேன். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. "நாய் பிழைத்ததா?" என்று மட்டும் கேட்டார். சில பிழைத்தன என்றேன். அதற்குமேல் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்த மாணவியைத் தனியாக அழைத்து உட்காரவைத்தேன். எலியின் பம்பைப் பற்றிச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. "யாருமே சொல்லவில்லை சார்" என்றார். எனக்கும் அன்று யாரும் சொல்லவில்லை. விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். இரண்டு வாரத்தில் புதிதாக எழுதிக்கொண்டு வந்தார். இடக்கை, வலக்கை வடிவங்களைத் தனித்தனியே வைத்து, முதலில் தனியாக எடுத்த இதயத் தசையில் பீட்டா தடை இருக்கிறதா என்று பார்ப்பார். இருந்தால் மட்டுமே முழு விலங்குக்குப் போவார், அங்கும் அட்ரினலினை வைத்தே. கினிப்பன்றிகள் பன்னிரண்டு, பக்கத்துக் கல்லூரியின் விலங்கு இல்லத்தில். காரணம் கேட்கும் கட்டத்தில் இந்த முறை ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தார். குழு ஒப்புதல் தந்தது.

அவருக்குக் காட்டுவதற்காக என் பழைய குறிப்பேட்டைப் பரணிலிருந்து எடுத்தேன். அன்றைய ஈசிஜி தாள் சூடுபட்டுக் கறுக்கும் வகை. ஆண்டுகள் போகப் போகக் கோடு வெளிறிவிடும். ஆறு எலிகளின் பட்டைகளும் வெறும் மஞ்சள் தாளாக ஒட்டிக்கொண்டிருந்தன. ஓரத்தில் நான் பென்சிலால் எழுதியது மட்டும் அப்படியே இருந்தது. எண் 1, ஆண், 210 கிராம். எண் 2, ஆண், 195 கிராம். மாணவி ஆறு வரை விரலை வைத்துப் படித்துவிட்டு, குறிப்பேட்டை மூடி இரண்டு கையாலும் என்னிடம் தந்தார்.